ஷேவிங் பிரஷ் கடைய கிட் வாங்கலாமா, தனி நாட் வாங்கலாமா?

மர லேத்தில் பேனா, சாவிக்கொத்துக் குமிழ், பம்பரம் என்று கடைந்து கை பழகியவர்கள் அடுத்ததாகத் தொடுவது பெரும்பாலும் ஷேவிங் பிரஷ் கைப்பிடியைத்தான். உள்ளங்கை அளவு கட்டை போதும். கடைசல் மட்டும் என்றால் ஒரு மாலையில் முடிந்துவிடும். இதற்கென்று கடைசல் சாமான் விற்கும் இணையக் கடைகளில் இரண்டு விதமான சரக்கு இருக்கிறது. ஒன்று, உலோக வளையத்தோடு எல்லாம் சேர்ந்து வரும் கிட். இன்னொன்று, அடியில் பசையால் இறுக்கிக் கட்டிய முடிக் கற்றை மட்டும். அதை நாட் என்பார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கிட் வேண்டாம். 24 மி.மீ. செயற்கை நாட் ஒன்று, அதன் அளவுக்கேற்ற நல்ல ஃபோர்ஸ்ட்னர் பிட் (அடி தட்டையான குழி போடும் பிட்) ஒன்று, இரண்டு பாகம் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு ஒரு சின்ன டப்பா. பணம் இந்த மூன்றுக்கும் போகட்டும். நாட் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தால் மட்டும் ஏமாந்துபோவீர்கள். குழியும் பூச்சும் சரியில்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்த நாட் வைத்தாலும் பிரஷ் நிலைக்காது.

கிட்டில் என்ன குறை?

கிட்டில் நாட் ஏற்கெனவே குரோம் பூசிய வளையத்திலோ பிளாஸ்டிக் கிண்ணத்திலோ பதிந்து வருகிறது. சில கிட்டுகளில் அடியில் திருகு இருக்கும். கைப்பிடியில் ஒரு சிறு துளை போட்டு மறையைப் பதித்தால் திருகி மாட்டிவிடலாம். பெரிய விட்டத்தில் குழி போடத் தேவையில்லை என்பதால் புதிதாகப் பழகுபவருக்கு இது வசதி. கிட்டுக்கு உள்ள ஒரே நல்ல பேச்சும் இதுதான்.

கெடுதல்கள் மூன்று. முதலாவது, லாஃப்ட். கைப்பிடிக்கு மேலே முடி எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் லாஃப்ட். பிரஷ் முகத்தில் தொளதொளவென்று இருக்குமா, விறைப்பாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். கிட்டில் அந்த உயரத்தைத் தயாரித்தவர் முடிவு செய்துவிட்டார். நாம் இரண்டு மி.மீ. கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. இரண்டாவது, பல கிட்டுகளில் நாட்டின் விட்டம் 20, 22 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுகிறது. கிண்ணத்தில் நுரை கலக்க அது போதும். முகத்திலேயே சோப்பைத் தேய்த்து நுரை எழுப்புகிறவருக்கு அந்த நாட் மெலிந்து மடிந்துவிடும். மூன்றாவது, வளையத்துக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கு. அங்கே சோப்புத் தண்ணீர் தங்கும். மேலே குரோம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே கீழே மரம் கறுத்துப்போகும். முடி தேய்ந்துவிட்டால் அதே வளையத்துக்குப் பொருந்தும் மாற்று நாட் கிடைப்பதும் அரிது.

எந்த நாட்?

பேட்ஜர் என்ற விலங்கின் முடி, பன்றி முடி, குதிரை முடி, செயற்கை இழை என நான்கு வகை. மரக் கைப்பிடிக்கு எங்கள் தேர்வு செயற்கை இழை. விலை குறைவு என்பது அதற்கான முதல் காரணம் அல்ல. செயற்கை இழை தண்ணீரை உறிஞ்சாது. உதறி வைத்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். பேட்ஜரும் பன்றி முடியும் தண்ணீரைக் குடித்துவைத்து மெல்ல மெல்லக் குழிக்குள் இறக்கும். சென்னை போன்ற கடலோர ஊரில், ஜன்னல் இல்லாத குளியலறையில், அந்த நாட்டின் அடி நாள் முழுக்க நசநசவென்றுதான் இருக்கும். ரெசின் (பிளாஸ்டிக் மாதிரி வார்த்தெடுத்த பொருள்) கைப்பிடிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மரத்துக்கு ஆகும். 1919 முதல் பிரஷ் செய்துவரும் இங்கிலாந்தின் சிம்ப்சன் போன்ற பழைய நிறுவனங்களின் பேட்ஜர் பிரஷ்களில் கைப்பிடி பெரும்பாலும் ரெசினாக இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

செயற்கை என்றதும் பழைய நைலான் பிரஷ் நினைவுக்கு வந்து முகம் சுளிக்க வேண்டாம். அந்தத் தடித்த இழை ஸ்பிரிங் மாதிரி துள்ளி நுரையைக் கண்ணாடி மேல் தெறிக்கவிடும். இப்போது வருபவை மிக மெல்லிய இழைகள். டக்ஸீடோ என்ற பெயரில் விற்பது கறுப்பு இழையும் வெள்ளை நுனியும் கொண்டது. நுனி கன்னத்தில் குத்தவே குத்தாது. பிளிசாஃப்ட் என்பது பிரான்சின் பிளிஸ்ஸோன் வெளியிட்ட செயற்கைப் பிரஷ்ஷின் சாயலில் வந்த வகை. முதல் கைப்பிடிக்கு இரண்டில் எதுவானாலும் சரி.

இயற்கை முடிதான் வேண்டும் என்றால் பெயர் தெரிந்த கடையில் வாங்குங்கள். எங்கிருந்து வந்தது, எப்படிச் சுத்தம் செய்தது என்று தெரியாத மலிவு முடி வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகக் கிருமி நீக்காத முடியில் செய்த ஷேவிங் பிரஷ்கள் வழியாகப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் பரவிய வரலாறு உண்டு. இன்றைக்கு அந்த அளவு பயம் தேவையில்லை. ஆனாலும் பிரித்ததும் மாட்டுக்கொட்டகை வாடை அடிக்கும் நாட்டை முகத்தில் தேய்க்க யாருக்கு மனம் வரும்?

நாட் கைக்கு வந்ததும் ஷாம்பு போட்டு அலசி, காயவைத்து, நுனியை லேசாக இழுத்துப் பாருங்கள். நாலைந்து இழை வருவது சாதாரணம். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தால் அடிப்பசை சரியில்லை, கடைக்குத் திருப்பி அனுப்புங்கள். இந்தச் சோதனை ஒட்டுவதற்கு முன்பு நடக்க வேண்டும். ஒட்டிய பிறகு எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

அடுத்தது வெர்னியர் காலிப்பரால் அளப்பது. 24 மி.மீ. என்று எழுதியிருப்பதை நம்பி பிட் வாங்கக் கூடாது. அடியில் இருக்கும் பசைக் கட்டியைக் கையால் வார்க்கிறார்கள். சுத்தமான வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் 23.7, அதற்குக் குறுக்கே 24.3 என்று காட்டும். பெரிய அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கட்டியின் உயரத்தையும் மொத்த உயரத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். மேற்கொண்டு எல்லா அளவும் அந்தத் தாளிலிருந்துதான் வரும்.

பிட்: இங்கே கஞ்சத்தனம் கூடாது

நம் ஊர் ஹார்டுவேர் கடையில் ஃபோர்ஸ்ட்னர் பிட் கேட்டால் கையில் கொடுப்பது 35 மி.மீ. பிட்டாகத்தான் இருக்கும். அலமாரிக் கதவுக்கு ஆட்டோ கீல் பதிக்கும் பிட் அது. 24, 25, 26 மி.மீ. தனித்தனியாகத் தேடித்தான் வாங்க வேண்டும். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 25. 24 மி.மீ. நாட்டைச் சுற்றி அரை மி.மீ. அளவுக்குப் பசைக்கு இடம் விடும். மலிவான செட்டில் பத்துப் பிட் வாங்குவதைவிட நல்ல 25 மி.மீ. பிட் ஒன்று மேல். காரணம், இங்கே துளை போடுவது பலகையின் முகத்தில் அல்ல, கட்டையின் குறுக்கு வெட்டு முகத்தில். நார் நட்டமாக நிற்கும் அந்த முகத்தில் மழுங்கிய பிட் வெட்டாது, தேய்க்கும். புகை வரும், குழிச் சுவர் கருகும், கருகிய இடத்தில் நுண்ணிய வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பு அப்போது கண்ணுக்குத் தெரியாது. சில மாதம் தண்ணீர் பட்ட பிறகு விளிம்பில் கோடாக எட்டிப்பார்க்கும்.

பிட்டைப் பிடிக்க, லேத்தின் நகரும் வால்முனையான டெயில்ஸ்டாக்கில் எம்.டி.2 (மோர்ஸ் கூம்பு எண் 2) தண்டுள்ள 13 மி.மீ. ட்ரில் சக் வேண்டும். (சின்ன லேத்துகளில் எம்.டி.1 இருக்கும்; வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.) வேகம் 500 ஆர்.பி.எம். சுற்றி. கட்டையின் மையத்தில் முதலில் ஸ்க்யூ (சாய்முனை) உளியின் முனையால் சின்னக் குழிவு போடுங்கள். பிட்டின் நடுமுள் அதில் உட்கார வேண்டும். இதைச் செய்யாமல் நேரே பிட்டை அழுத்தினால் முள் பக்கவாட்டில் வழுக்கும், பிட் ஆடும், குழியின் வாய் மட்டும் 26க்கு அகன்று அடி 25 ஆகவே நிற்கும். நாட் அதில் சாய்ந்துதான் உட்காரும்.

மூன்று மி.மீ. இறங்கியதும் வெளியே இழுத்துத் தூளை அகற்றுங்கள். இழுக்கும்போது லேத் ஓடிக்கொண்டிருந்தால் ட்ரில் சக்கின் உடலை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டெயில்ஸ்டாக்கின் கூம்புத் துளையில் அது உராய்வால் மட்டுமே நிற்கிறது. பிட் குழிக்குள் கவ்வினால் சக் பிடுங்கிக்கொண்டு கட்டையோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். கண்ணெதிரே அரைக் கிலோ இரும்பு ஆடும். அந்த நேரத்தில் கையை நீட்டாமல் ஸ்விட்சை அணையுங்கள்.

ஆழம் 12 மி.மீ. பிட்டின் நடுமுள் இன்னும் மூன்று நான்கு மி.மீ. கீழே போயிருக்கும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். விளைவு கடைசலின்போது தெரியும்.

மரம்

எந்த மரத்தையும் கடையலாம், எல்லா மரமும் குளியலறைக்கு ஆகாது. வேங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமும் ரேகையும் அருமை. ஆனால் வேங்கைக் குவளையில் ஊற்றி வைத்த தண்ணீர் நிறம் மாறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்; சர்க்கரை நோய்க்கென்று அதை வாங்கிக் குடிக்கும் வழக்கமே இருக்கிறது. அதே சாயம் பிரஷ்ஷிலும் இறங்கும். பூச்சில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் வெள்ளை நுனி நாட்டின் அடி பழுப்பாகும். கருங்காலி மோகத்தில் கடைகளில் விற்கும் கறுப்புக் கட்டைகளிலும் எச்சரிக்கை தேவை. சாயம் தோய்த்த கட்டையா என்று ஈரத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உண்மையான கருங்காலி என்றால் வேறு தொல்லை: சூடு ஏறினால் வெடிக்கும். துளை போடும்போது அவசரப்படாமல், உப்புத்தாள் தேய்க்கும்போது அழுத்தாமல் போக வேண்டும்.

பூவரசின் வைரம் பாய்ந்த பகுதி இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம். சாக்லேட் நிறம், நெருக்கமான நார், உளிக்கு அடங்கும். புளிய மரத்தின் வைரம் கல் மாதிரி. உளியை அடிக்கடி தீட்ட வேண்டிவரும். ஆனால் அந்தக் கருஞ்சிவப்பு மெருகு வேறு மரத்தில் வராது. வெட்பாலை கடைவதற்கு வெண்ணெய். கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தின் பொம்மைகள் அதில்தான் பிறக்கின்றன. வெளிர் நிறம் என்பதால் ஈரம் ஏறினால் சாம்பல் திட்டு உடனே தெரியும், அவ்வளவுதான் குறை.

தேக்கிலும் ஈட்டியிலும் எண்ணெய்ப் பசை உண்டு. ஈட்டியின் எண்ணெய் சில பூச்சுகளை நாள் கணக்கில் காயவிடாமல் பிசுபிசுக்க வைக்கும். ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் சற்று முன்பு அசிட்டோனில் நனைத்த தாளால் துடைத்தால் போதும். முந்தின நாள் துடைத்தால் பயனில்லை, எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை கொடுக்கும், முகக்கவசம் இல்லாமல் கடைய வேண்டாம். காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளில் கிடைக்கும் பர்மா தேக்குத் துண்டுகள் பல காலம் காய்ந்து உலர்ந்தவை, இனி வளைந்து நெளியாது. உள்ளே முறிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். சந்தனமும் செம்மரமும் சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். ரசீது இல்லாத துண்டைத் தொடாதீர்கள்.

எந்த மரமானாலும் ஈரம் 12 விழுக்காட்டுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். பச்சையாகக் கடைந்தால் காயும்போது குழி வட்டம் மாறி முட்டை வடிவமாகும். உள்ளே இருக்கும் பசைக்கட்டி சுருங்காது, மரம் மட்டும் சுருங்கும். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது மெல்லிய சுவர்தான்.

கடைசல்

50 மி.மீ. சதுரம், 90 மி.மீ. நீளம் உள்ள கட்டை போதும். இரு மையங்களுக்கு இடையே பிடித்து உருட்டி, ஒரு முனையில் சக் பிடிக்க 45 மி.மீ. விட்டத்தில் 7 மி.மீ. நீளக் குடுமி எடுங்கள். குடுமியின் தோள் சதுரமாக இருக்க வேண்டும். சாய்வாக இருந்தால் நாலு தாடைச் சக் பிடித்தாலும் கட்டை ஆடும். சக்கில் ஏற்றி, முகத்தைத் தட்டையாக்கி, முதலில் குழி. வெளி வடிவம் அப்புறம். வரிசையை மாற்றி, அழகாக வடிவம் கொடுத்துவிட்டுக் கடைசியில் துளை போட்டால் ஒரு பக்கச் சுவர் இரண்டு மி.மீ., மறுபக்கம் நான்கு என்று ஆகிவிடும்.

குழி போட்டதும் அதில் டெயில்ஸ்டாக்கில் சுழலும் கூம்பு வடிவ லைவ் சென்டரைப் பொருத்திக் கட்டையைத் தாங்கிக்கொள்ளலாம். லேசாகத் தொட்டு நின்றால் போதும். இறுக்கினால் கூம்பு ஆப்பு மாதிரி வேலை செய்து விளிம்பைப் பிளந்துவிடும்.

அளவுகள்: முடிந்த உயரம் 55 மி.மீ., அடி விட்டம் 36, இடுப்பு 26, மேல் கழுத்து 33. விரல் பிடிப்பது இடுப்பில். அடி 30க்குக் கீழே போனால் நனைந்த நாட்டின் கனத்தில் பிரஷ் குப்புற விழும். இந்த இடத்தில்தான் நடுமுள் விஷயம் வருகிறது. குழி 12, முள் 4, ஆக மேலிருந்து 16 மி.மீ. வரை உள்ளே வெற்றிடம். அதற்கு மேல் இரண்டு மி.மீ. பாதுகாப்பு. மேலிருந்து 18 மி.மீ. தாண்டும் வரை விட்டம் 31க்குக் குறையவே கூடாது, இடுப்பு வளைவு அதற்குக் கீழேதான் ஆரம்பிக்க வேண்டும். பென்சிலால் அந்தக் கோட்டைக் கட்டையில் போட்டுவிட்டு உளியை எடுங்கள். கோடு போடாமல் கண்ணளவில் வளைவை மேலே இழுத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் உளி மெல்லிய ஓசையோடு சுவரைத் திறந்துவிடும். அதற்கு மருந்து கிடையாது, புதுக் கட்டைதான்.

10 மி.மீ. கௌஜ் (குழிந்த) உளி, 3 மி.மீ. பார்ட்டிங் (வெட்டிப் பிரிக்கும்) உளி, ஒரு ஸ்க்யூ. இவற்றுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். முன்னே செருகும் கார்பைடு முனை உளிகளைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். தீட்டும் வேலை மிச்சம் என்பது உண்மை. ஆனால் சுரண்டுவதால் நார் எழும்பி, 120 உப்புத்தாளில் வெகுநேரம் தேய்க்க வேண்டியிருக்கும். நன்றாகத் தீட்டிய கௌஜ் விட்டுப்போகும் பரப்பை 180இலேயே தொடங்கி 240, 320, 400 என்று முடித்துவிடலாம். ஒவ்வொரு எண் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, நார் ஓட்டத்தோடு நாலு இழுப்பு இழுத்தால் வட்டக் கீறல்கள் மறையும். தேய்க்கும்போது டூல் ரெஸ்ட்டைக் கழற்றிவிடுங்கள். துணியை லேத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், துடைக்கத் தாள் போதும். தாள் சிக்கினால் கிழியும், துணி சிக்கினால் விரலையும் கூட்டிக்கொண்டு போகும்.

குழியின் உள்விளிம்பை உப்புத்தாளால் அரை மி.மீ. மழுக்க மறக்க வேண்டாம். கூர் விளிம்பு தினமும் இழையை அறுக்கும். பார்ட்டிங் செய்து எடுத்தபின் ஒரு வேண்டாத கட்டையில் 25 மி.மீ. குமிழ் கடைந்து, அதில் கைப்பிடியைத் தலைகீழாகச் செருகி அடியைச் சற்றே குழிவாக்குங்கள். தட்டை அடி ஆடும். குழிந்த அடி விளிம்பில் நிற்கும்.

பூச்சு: அரக்கு ஏன் ஆகாது

கடைசல் சாமான் கடைகள் கிட்டோடு சேர்த்துத் தள்ளிவிடப் பார்ப்பது ஃப்ரிக்‌ஷன் பாலிஷ். லேத் ஓடும்போதே தாளில் தொட்டுத் தேய்த்தால் அரை நிமிடத்தில் கண்ணாடி மாதிரி மின்னும். பேனாவுக்கும் பம்பரத்துக்கும் சரி. ஷேவிங் பிரஷ்ஷுக்கு இதைவிடத் தவறான பொருள் இல்லை. அதன் அடிப்படை அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும், காரத்தில் கரையும், சூட்டில் இளகும். ஷேவிங் சோப்பு காரத்தன்மை உள்ளது, தண்ணீர் வெந்நீர், கையில் ஆஃப்டர்ஷேவ் ஆல்கஹால். அரக்கின் மூன்று எதிரிகளும் தினம் காலையில் ஒன்றாக வந்து நிற்கின்றன. முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு பிசுபிசுப்பு, அப்புறம் வெறும் மரம்.

இதே காரணத்துக்காகத்தான் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான், சென்னப்பட்டணம் பொம்மை வழியில் அரக்குக் குச்சியை அழுத்தி வண்ணம் ஏற்றும் யோசனையும் இங்கே எடுபடாது. சுழலும் மரத்தின் உராய்வுச் சூட்டிலேயே அரக்கை உருக்கித் தாழை மடலால் மெருகேற்றும் அந்த வேலை பார்க்கக் கண் கோடி வேண்டும். கைப்பிடிக்கு அந்த நிறங்கள் வேண்டுமென்றால் அரக்கைத் தவிர்த்து, வண்ண ரெசின் வாங்கிக் கடையுங்கள்.

சயனோஅக்ரிலேட், அதாவது உடனடிப் பசையைப் பூச்சாகப் போடுவது பேனாக்காரர்களின் வழக்கம். மெல்லிய பசை இரண்டு கை (கோட்), நடுத்தரப் பசை எட்டுப் பத்துக் கை, பிறகு நீரில் நனைத்த நுண் தாள். பளபளப்பில் இதற்கு இணை இல்லை. படலம் கண்ணாடி போலக் கடினம், கண்ணாடி போலவே உடையும். தொட்டியில் தவறி விழுந்து ஒரு மயிரிழை வெடிப்பு வந்தால் போதும். அதன் வழியே தண்ணீர் நுழைந்து படலத்துக்கு அடியில் பரவும். பிறகு நகத்தால் உரித்து எடுக்கலாம்.

மரச்சாமான் தச்சர்கள் அடிக்கும் இரண்டு பாக பி.யூ. தான் எங்கள் முதல் தேர்வு. கடினப்படுத்தியின் அளவு டப்பாவில் போட்டபடி. கண்ணளவில் ஊற்றினால் காயாது. நான்கு ஐந்து மெல்லிய கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே டப்பா சொல்லும் இடைவெளி, 400 தாளால் லேசான தேய்ப்பு. கடைசிக் கைக்குப் பிறகு ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே இறுகியிருக்காது. மெலமைன் இதற்கு அடுத்த படி; மேசைக்குத் தாங்கும், தண்ணீர் தேங்கும் இடத்துக்கு நம்ப முடியாது. மெழுகும் எண்ணெயும் மட்டும் பூசியவை வாரம் ஒருமுறை கவனிப்பு கேட்கும்.

எதைப் பூசினாலும் பக்கவாட்டைவிட முக்கியம் இரண்டு முனைகள். மரம் தண்ணீரைக் குடிப்பது குறுக்கு வெட்டு முகத்தின் வழியாகத்தான். பக்கவாட்டில் ஆறு கை பூசிவிட்டு அடியை வெறுமனே விட்டவர்களின் பிரஷ், வாஷ்பேசின் ஓரத்து ஈரத்தில் நின்று நின்று அடியிலிருந்து கறுக்கும். குழியின் உட்சுவருக்கும் அடித்தளத்துக்கும் ஒரு கை மெல்லிய எப்பாக்ஸி (இரண்டு பாகம் கலக்கும் பசை) தடவிக் காயவிடுங்கள். அதன்மேல் 120 தாளால் கீறிவிட்டால் பிறகு பசை பிடிக்கும்.

ஒட்டுதல்

முதலில் பசையில்லாமல் நாட்டை வைத்துப் பாருங்கள். மொத்த உயரம் 65 மி.மீ. நாட்டை 12 மி.மீ. குழியில் இறக்கினால் வெளியே 53 நிற்கும், 24 மி.மீ. செயற்கை நாட்டுக்கு இது நல்ல அளவு. இன்னும் விறைப்பு வேண்டுமென்றால் குழியை இரண்டு மி.மீ. ஆழமாக்கலாம். அதற்குமேல் இறக்கினால் விளிம்பு இழைகளை நெரித்து, விரியவேண்டிய நாட் ஒடுங்கிவிடும். மென்மை வேண்டுமென்றால் அடியில் ஒரு வாஷர் போட்டு உயர்த்தலாம். ஆனால் பசைக்கட்டி விளிம்புக்கு மேலே எட்டிப்பார்க்கக் கூடாது. குழி சற்றுப் பெரிதாகிவிட்டதா? பசைக்கட்டியைச் சுற்றிப் பருத்தி நூல் நாலு சுற்றுச் சுற்றினால் நாட் நட்டநடுவில் நிற்கும்.

பசைக்கு மெல்லக் காயும் எப்பாக்ஸி. அரால்டைட் ஸ்டாண்டர்ட் போன்றது போதும், ஒரு முழு நாள் விட வேண்டும். ஐந்து நிமிட எப்பாக்ஸி அவசரத்துக்கு உதவும், வெந்நீரில் சீக்கிரம் இளகும். பட்டாணி அளவு போதும்: குழியின் அடியில் கொஞ்சம், சுவரில் ஒரு தடவல். கூடுதலாக ஊற்றினால் இரண்டு கேடு. நாட் குழிக்குள் பிஸ்டன் மாதிரி இறங்குவதால் அடியில் சிக்கிய காற்று அதை மெல்ல மேலே தள்ளும். காலையில் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்து எழும்பி நிற்கும். பசைக்கட்டியின் பக்கவாட்டில் அரத்தால் ஒரு நெட்டுக் கோடு போட்டுவிட்டால் காற்று அதன் வழியே வெளியேறும். இரண்டாவது கேடு, வழிந்த எப்பாக்ஸி இழைகளுக்கு இடையே தானாக ஏறுவது. ஏறிய இடத்தில் முடி குச்சியாகிவிடும், அதை எடுக்க வழியில்லை. ஒட்டியபின் பிரஷ்ஷை நிமிர்த்தி வைத்து, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை நேராக நிற்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்துவிடுங்கள். விளிம்பில் பிதுங்கியதை ஸ்பிரிட் நனைத்த காதுக்குச்சியால் அப்போதே துடைக்க வேண்டும்.

எப்பாக்ஸிக்குப் பதில் சிலிகான் சீலன்ட் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டும் வலு குறைவு, ஆனால் தண்ணீர் புகாது, நாட் தேய்ந்தபோது முறுக்கிப் பிடுங்கிவிடலாம். எப்பாக்ஸி வைத்ததென்றால் முடியை அடியோடு வெட்டிவிட்டு, பசைக்கட்டியைச் சின்ன பிட்டால் நடுவிலிருந்து சுவரை நோக்கித் துளைத்துத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அரிய கட்டையில் கடைந்தது, நாட்டை அடிக்கடி மாற்றிப் பார்க்க ஆசை என்றால் சிலிகான். இல்லையென்றால் எப்பாக்ஸியே போதும்; செயற்கை நாட் சில வருடம் உழைக்கும், அதற்குள் நீங்களே வேறு வடிவத்தில் கைப்பிடி கடைந்திருப்பீர்கள்.